ஒசாகாவில் தண்ணி பார்த்த கதை

ஒசாகா போய்ட்டு வந்ததிலிருந்து பார்க்கிறவங்க எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "அங்க என்னா பாத்தீங்க?" கோட்டை பார்த்தோம், டோடோன்போரி பார்த்தோம், எக்ஸ்போ பார்த்தோம் என்று சொல்லிவிடலாம். சொல்லியும் இருக்கிறேன். ஆனால் என்கூட வந்த அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள்: "தண்ணி பாத்தோம்." கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பதை விளக்கமாக எழுதி வைக்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஏன் ஒசாகா? அக்காவின் மகன் அங்கே வேலை பார்க்கிறான். அவனுக்கு ஒரு பையன், ஒன்பது வயது, அங்கேயே பிறந்தவன். ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது. அது பயணத்துக்கான காரணம். அக்காவின் மனதில் இருந்த காரணம் வேறு. 'உலகம் சுற்றும் வாலிபன்'. 1970ல் ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ கண்காட்சியில் எம்.ஜி.ஆர். நேரில் போய் படம் பிடித்தார். படம் 1973 மே மாதம் வெளியானது. எங்க பக்கம் அது டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த படம். தருமபுரி மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஜப்பான் என்ற நாட்டை முதன்முதலில் காட்டியது அந்தப் படம்தான் என்று நினைக்கிறேன்.

ஆசியாவில் நடந்த முதல் உலகக் கண்காட்சி அது. 1970 மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை, 183 நாள், ஆறு கோடிக்கு மேல் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அந்தத் திடல் இப்போது பெரிய பூங்கா. நடுவில் தாரோ ஒகாமோதோ வடித்த 'சூரிய கோபுரம்', 70 மீட்டர் உயரம், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறது. அக்கா அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். நாங்கள் போனது 2025 செப்டம்பர். அப்போது கடலை மேடாக்கி உண்டாக்கிய யுமெஷிமா தீவில் அடுத்த எக்ஸ்போ நடந்துகொண்டிருந்தது. அதையும் ஒரு நாள் முழுக்க, கால் வலிக்க வலிக்கப் பார்த்தோம். சுற்றளவு இரண்டு கிலோமீட்டர் இருக்கும் மரத்தாலான பெரிய வளையத்தின் மேல் நடந்தோம்.

அந்த ராத்திரி போட்டோக்களை எல்லாம் ஒண்ணா உட்கார்ந்து பார்த்தோம். அப்போதுதான் ஒன்று உறைத்தது. எல்லாப் போட்டோவிலும் அக்காவும் நானும் வாயை மூடிக்கொண்டே இருக்கிறோம். கோபுரத்தின் முன், வளையத்தின் மேல், ரயிலில், எங்கேயும். பேரன் மட்டும் பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறான். சோகம் எதுவும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தோம். கேமராவைப் பார்த்ததும் உதடு தானாக மூடிக்கொள்கிறது. ஐம்பது வருசப் பழக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பற்கள் மஞ்சளும் பழுப்பும் கோடு கோடாகப் படிந்தவை. தேய்த்தால் போகாது.

அந்தப் போட்டோக்களோடு சேர்த்துத்தான் ஒசாகாவைச் சொல்ல வேண்டும்.

அங்கே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே தண்ணி கொண்டுவந்து வைக்கிறார்கள். நம்ம ஊர் ஓட்டல் மாதிரியே. காசு கிடையாது. குழாய்த் தண்ணிதான். முதல் நாள் அக்கா டம்ளரைத் தொடவில்லை. "பாட்டில் வாங்குடா" என்றாள். அவள் மகன், "அம்மா, இங்க குழாயில வர்றத அப்படியே குடிக்கலாம்மா. இந்த ஊரு மாநகராட்சியே ஒரு காலத்துல குழாய்த் தண்ணியை பாட்டில்ல அடைச்சு வித்துச்சு" என்றான். அந்தப் பாட்டிலுக்கு வைத்த பெயர் 'ஹொன்மாயா'. ஒசாகா வட்டார வழக்கில் 'நெசந்தான்' என்று அர்த்தம். ஒரு நகரம் தன் குழாய்த் தண்ணிக்கு 'நெசந்தான்' என்று பெயர் வைக்கிறது என்றால், ஜனங்கள் அதை நம்பாமல் இருந்த காலமும் இருந்திருக்கும் இல்லையா? இருந்தது.

ஒசாகாவின் தண்ணி பீவா ஏரியிலிருந்து யோதோ ஆற்று வழியாக வருகிறது. அதே ஆற்றுப் படுகையில் மேலே கியோதோ நகரம் இருக்கிறது. மேலே இருப்பவன் விடும் கழிவையும் கலந்துதான் கீழே இருப்பவன் எடுக்க வேண்டும். காவிரிக் கரையில் இருக்கிற நமக்கு இது புதுசில்லை. 1970களிலும் 80களிலும் ஒசாகா குழாய்த் தண்ணியில் பூஞ்சை வாடை அடித்தது. ஏரியில் பாசி பெருகியதால் வந்தது அது. அப்புறம்தான் ஓசோன் வாயுவாலும் கரித்தூளாலும் சுத்திகரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2000ஆம் ஆண்டு முதல் நகரத்துக்கு வரும் எல்லாத் தண்ணியும் அப்படித்தான் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது.

மூன்றாம் நாள் கோட்டை. ஹிதெயோஷி 1583ல் கட்டத் தொடங்கியது. இப்போது நிற்கும் கோபுரம் 1931ல் ஊர் மக்கள் கொடுத்த நன்கொடையில் கான்கிரீட்டில் எழுப்பியது. உள்ளே லிஃப்ட்கூட உண்டு. கோபுர வாசலுக்குப் பக்கத்தில் கூரை போட்ட ஒரு கிணறு. தண்ணி நல்லா இருக்கணும்னு ஹிதெயோஷி அதில் தங்கம் போட்டு வைத்தார் என்பது கதை. கிணறு உண்மையில் அவருக்குப் பின்னால், 1620களில் தோகுகாவா ஆட்சியில் வெட்டியது. அக்கா அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கப் பத்து நிமிஷம் நின்றாள். "தங்கம் போட்டா தண்ணி நல்லாயிடுமா?" என்று கேட்டாள். எங்க ஊரில் புதுக் கிணற்றில் நெல்லிக்கட்டை போடுவோம், அதுமாதிரி நம்பிக்கை என்றேன்.

அந்தக் கோட்டைக்குள்ளேயே இன்னொன்று இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காதது. மேட்டில் புல் மூடின ஒரு நீர்த்தேக்கம். 1886லும் 1890லும் ஒசாகாவில் காலரா வந்து சனம் செத்தது. ஆற்றுத் தண்ணியை வண்டியில் விற்று, அதைக் குடித்து வாழ்ந்த ஊர் அது. அதற்குப் பிறகு 1895ல் குழாய்த் தண்ணித் திட்டம் தொடங்கினார்கள். யோகஹாமா, ஹகோதாதே, நாகசாகிக்கு அடுத்து ஜப்பானிலேயே நான்காவது. ஆற்றிலிருந்து தண்ணியை ஏற்றி வைக்க மேடான இடம் வேண்டும். தட்டையான அந்த ஊரில் மேடு என்றால் கோட்டைதான். அதனால் கோட்டைக்குள்ளேயே தேக்கம் கட்டி, அங்கிருந்து தானாக இறங்கி ஓடும்படி ஊருக்குக் குழாய் போட்டார்கள். அரசன் உட்கார்ந்த மேட்டில் குடிதண்ணியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள். நான் அந்தப் புல்மேட்டைப் படம் எடுத்தேன். பேரன், "அங்க ஒண்ணுமே இல்லையே தாத்தா" என்றான்.

அவனுக்கு ஒன்றுமில்லைதான். அவன் பல் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அவன் குடித்த தண்ணி என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இங்கே கொஞ்சம் அறிவியல் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டம் முழுக்கக் கெட்டிப் பாறை. கருங்கல், நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள். இவற்றில் உள்ள சில தாதுக்களில் ஃபுளோரைடு இருக்கிறது. நிலத்தடி நீர் பாறை இடுக்கில் வருசக்கணக்கில் தங்கும்போது அது மெதுவாகக் கரைந்து தண்ணியில் சேர்கிறது. சோடா உப்பு அதிகமும் சுண்ணாம்பு குறைவும் உள்ள தண்ணியில் இன்னும் கூடுதலாகக் கரையும். மழை குறைவு, ஆவியாதல் அதிகம் என்றால் அளவு ஏறும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இந்தியத் தரநிர்ணயம் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்கிறது. ஜப்பான் வைத்திருக்கும் எல்லை 0.8தான்.

அளவு கூடினால் என்ன ஆகும்? நிரந்தரப் பற்களின் மேல்பூச்சான எனாமல், பல் ஈறுக்குள்ளே இருக்கும்போதே உருவாகிறது. பிறந்ததிலிருந்து ஏறத்தாழ எட்டு வயது வரை அந்த வேலை நடக்கும். அந்த வருசங்களில் குடிக்கிற ஃபுளோரைடு எனாமலைச் சரியாக இறுக விடாது. முளைக்கும்போதே பல் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டோடு முளைக்கும். பிறகு அந்தத் திட்டு மஞ்சளாகி, பழுப்பாகிவிடும். எட்டு வயசுக்குப் பிறகு குடித்தால் பல்லில் புதிதாகக் கறை வராது. ஆனால் பல வருசம் அதிக அளவில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். குனிய முடியாத கழுத்து, மடக்க முடியாத முழங்கால். எங்க ஊர்ப் பெரியவர்கள் "வாயு" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் எத்தனை பேருக்கு வாயு, எத்தனை பேருக்குத் தண்ணி என்று யாருக்குத் தெரியும்?

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. இது பரம்பரை இல்லை. சரியாகப் பல் விளக்காததாலும் இல்லை. "அவங்க குடும்பத்துக்கே மஞ்சப் பல்லு" என்று பெண் பார்க்க வந்தவர்கள் அக்காவைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஒரே குடும்பத்துக்கு இருந்ததற்குக் காரணம் ஒரே கிணறு. அக்கா மகன் அந்த ஊர் போர் தண்ணி குடித்து வளர்ந்தவன். முதல் இண்டர்வியூவுக்கு முன்னால் கடன் வாங்கி முன்பற்களுக்கு கேப் போட்டுக்கொண்டான். அவன் மகனுக்கு ஒன்பது வயது. முன்பக்கத்து நிரந்தரப் பற்கள் முளைத்துவிட்டன. பளிச்சென்று இருக்கின்றன. ரத்தம் அதேதான். தண்ணி மட்டும் வேறு.

"தண்ணி பாத்தோம்" என்று அக்கா சொல்வது இதைத்தான். அவள் பார்த்தது அந்தப் பையனின் பல்லை.

சரி, ஜப்பானில் இந்தப் பிரச்சினையே இல்லையா? இருந்தது. ஒசாகாவிலிருந்து ஹன்க்யூ ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் தகராசுகா என்ற ஊர். பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவுக்குப் பேர்போனது. 1914ல் முதல் மேடை ஏறிய குழு. படக்கதை மேதை ஒசாமு தெசுகா வளர்ந்த ஊரும் அதுதான். அவருக்கு அங்கே ஒரு காட்சியகம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எனக்கு அந்த ஊரின் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரியும். ஃபுளோரைடு பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட பெயர்.

அந்த ஊருக்குப் பின்னால் இருக்கும் ரொக்கோ மலை கருங்கல் மலை. அதிலிருந்து வரும் தண்ணியில் ஃபுளோரைடு. 1970களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பற்களில் திட்டுத்திட்டாகக் கறை இருப்பது பெரிய விவகாரமாக வெடித்தது. ஜப்பான் மொழியில் அந்தப் பல்லுக்கு 'ஹன்ஜோஷி' என்று பெயர். புள்ளி விழுந்த பல். குடித்தது நகராட்சி கொடுத்த குழாய்த் தண்ணி. அதனால் பெற்றோர் நகராட்சியைக் கேட்டார்கள். நீதிமன்றம் வரை போனார்கள். தண்ணி எடுக்கும் இடங்களை மாற்றினார்கள், அளவைக் குறைத்தார்கள். அதோடு நிற்காமல், பாதிக்கப்பட்ட பற்களை இன்னது என்று அங்கீகரித்து சிகிச்சைச் செலவை ஏற்பதற்கு நகராட்சி தனியாகவே விதி செய்தது.

இதை அக்காவிடம் ரயிலில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "அப்ப அவங்க இது எங்க தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களா?" என்றாள். செலவை ஏத்துக்கிட்டாங்க, தப்புன்னு சொல்லலாமா கூடாதாங்கறதுதான் கோர்ட்டு வரை போச்சு என்றேன். "செலவ விடுடா. இது தண்ணியால வந்துச்சுன்னு அந்தப் புள்ளைங்ககிட்ட யாராச்சும் சொன்னாங்க இல்ல. அதுவே போதும்" என்றாள்.

எங்களுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. பாறையைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் காரணம் தெரிந்திருந்தால் ஒரு தலைமுறைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்க வேண்டாம்.

இந்தக் கதையில் ஜப்பான் இன்னொரு முறையும் வருகிறது. ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா போகாதவர்கள் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, பரிசல், பொரித்த மீன், தொங்கு பாலம். ஒசாகாவில் கோட்டைத் தேக்கத்தை யாரும் பார்க்காத மாதிரி, ஒகேனக்கல்லிலும் ஆற்றிலிருந்து தண்ணி எடுக்கும் நிலையத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கே எடுக்கும் காவிரித் தண்ணியை யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, பென்னாகரம் போகும் வழியில் மடம் என்ற மேட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் இறக்கி விடுகிறார்கள். ஒசாகா கோட்டை மேட்டில் செய்த அதே சூத்திரம். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த மாதமே ஜப்பான் அரசு வங்கியோடு ஏறத்தாழ 2,200 கோடி யென்னுக்குக் கடன் ஒப்பந்தம். அந்தக் கடன் பொறுப்பு பிறகு ஜைக்கா நிறுவனத்துக்கு வந்தது. மொத்த மதிப்பீடு 1,928.80 கோடி ரூபாய். 2013 மே மாதம் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு' என்று இருக்கிறது. தண்ணி கொடுப்பது பாதி, ஏன் கொடுக்கிறோம் என்று ஜனங்களுக்குச் சொல்வது மீதி என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம்.

தண்ணி வந்தது. இரண்டாவது பாதிதான் இன்னும் வீடு வீடாக வந்து சேரவில்லை. ஒகேனக்கல் தண்ணி வந்தாலும் "போர் தண்ணிதான் ருசி" என்று அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபுளோரைடுக்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. ஆற்றுத் தண்ணியைக் குடிக்க வைத்துக்கொண்டு சோற்றுக்கும் டீக்கும் போர் தண்ணியை ஊற்றுகிறவர்களும் உண்டு. உள்ளே போவது போவதுதானே?

ஒசாகாவிலிருந்து கிளம்பும் முந்தின நாள் மருமகன் விஷயத்தைச் சொன்னான். அடுத்த வருசம் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வரப் போகிறார்கள். அக்காவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ராத்திரி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள்: "பெரியவன் பல்லு முளைச்சிடுச்சு. பாப்பாவுக்கு ரெண்டு வயசுதான் ஆவுது. ஊருக்கு வந்தா எந்தத் தண்ணியடா குடுக்கறது?"

அவளுக்கு நான் சொன்னதை அப்படியே இங்கேயும் எழுதுகிறேன். இந்த மாவட்டத்தில் சின்னக் குழந்தை இருக்கும் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும்.

பெரியவனுக்கும் இன்னும் எலும்பு வளரும் வயசுதான், அதனால் இரண்டு பேருக்கும் ஒரே தண்ணி. வீட்டு போர் தண்ணியை ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது. ஃபுளோரைடு அளவு வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே தெருவில் இரண்டு போருக்கு இரண்டு அளவு வரலாம், ஆழத்தையும் பாறையையும் பொறுத்து மாறும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். மெழுகுவத்தி மாதிரி இருக்கும் பழைய ஃபில்டர் இதற்கு உதவாது. ஆர்.ஓ. மிஷின் குறைக்கும். ஆற்றுத் தண்ணி வருகிற வீட்டில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து வைத்தால் போதும். போர் தண்ணி குளிக்க, துவைக்க, மாட்டுத் தொட்டி கழுவ. மொட்டைமாடி மழைத் தண்ணியைச் சுத்தமாகப் பிடித்தால் அதில் ஃபுளோரைடு இருக்காது என்றே சொல்லலாம். குழந்தைக்குப் பால், கேழ்வரகு, கீரை என்று சுண்ணாம்புச் சத்துள்ள சாப்பாடு. பேஸ்ட் மூன்று வயது ஆகும் வரை அரிசி அளவுக்கு மேல் வேண்டாம், அதற்குப் பிறகு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், அதையும் முழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத ஒரு அம்பது வருசத்துக்கு முன்னால யாராச்சும் நம்ம அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள்.

ஊருக்கு வந்த மறு வாரமே ஒரு பாட்டிலில் போர் தண்ணி பிடித்துக்கொண்டு பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு 2.1 என்று வந்திருக்கிறது. அந்தச் சீட்டைச் சமையல்கட்டுச் சுவரில், சூரிய கோபுரத்துக்கு முன்னால் எடுத்த போட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.